ஆறாவது வாள்

அத்தியாயம் 9

ஞாயிற்றுக்கிழமை காலை பத்தேகால். எர்லாங்கன் நகரத்தில் கடைகள் மூடிக் கிடந்தன, அலுவலகங்கள் மூடிக் கிடந்தன, விஷாலின் கதவும் திறப்பதாக இல்லை.

சரியாகச் சொன்னால் திறந்தது. நான்கு விரல் அகலத்துக்கு. அந்த இடுக்கில் விஷாலின் ஒரு கண்ணும், மழிக்காத தாடையும் தெரிந்தன.

"சொல்றதுக்கு ஒண்ணும் இல்ல மேடம்" என்றான்.

"நாளைக்குக் காலைல ஒன்பது மணிக்கு உங்க கான்ட்ராக்ட்ல கையெழுத்து" என்றாள் நிருபமா. "போலீஸ் கம்ப்ளெயின்ட் நிலுவைல இருக்கற ஆளுக்கு உங்க லேப்ல கையெழுத்துப் போட மாட்டாங்க. கான்ட்ராக்ட் இல்லன்னா விசா இல்ல. தெரியும்தானே?"

"தெரியும்."

"நேத்துக் காலைல ஸ்டோர் ரூம் சாவியை வாங்கினது நீங்க. ரிஜிஸ்டர்ல உங்க பேர் மட்டும்தான் இருக்கு. சாவியை வாங்கி என்ன பண்ணீங்க?"

"சொல்றதுக்கு ஒண்ணும் இல்ல மேடம்."

கதவு சாத்தப்பட்டது. படாரென்று அறையவில்லை, பாவம், மரியாதையாகத்தான் சாத்தினான். நிருபமாவுக்கு அதுதான் இன்னும் எரிச்சலாக இருந்தது. பொய் சொல்கிறவனைப் பிடித்துவிடலாம். வாயையே திறக்காதவனை என்ன செய்வது?

"நல்ல பொடியன்" என்றார் பின்னால் நின்றிருந்த சில்வெஸ்டர். "என்ர மனிசியும் இப்பிடித்தான். கேட்டா ஒண்டுமில்லை எண்டுவா. பிறகு மூண்டு நாளைக்குச் சோறு கிடையாது."

சில்வெஸ்டர் கொலோனில் இருபது வருடம் டாக்சி ஓட்டியவர். யாழ்ப்பாணத்துக்காரர். முதுகு வலியால் ஸ்டியரிங்கை விட்டுவிட்டு மகள் வீட்டோடு எர்லாங்கனுக்கு வந்தவர், சும்மா இருக்கப் பிடிக்காமல் நிருபமாவின் துப்பறியும் அலுவலகத்தில் சேர்ந்து ஒன்றரை வருடமாகிறது. நிருபமா சேலத்துப் பெண். இன்சூரன்ஸ் கம்பெனியில் பொய்க் கணக்குகளைத் துருவிக்கொண்டிருந்தவள், ஒருநாள் வேலையை விட்டுவிட்டு ஒரு பேக்கரி மாடியில் சொந்தமாகப் போர்டு மாட்டினாள். அலுவலகம் மொத்தத்துக்கும் இரண்டு மேசை, இரண்டு சைக்கிள். அவளுக்கு மூளை, அவருக்கு வாய். இதுவரை அந்த ஏற்பாடு நன்றாகத்தான் நடந்துகொண்டிருந்தது.

"போலீசுக்கு ஒருக்கா எடுத்துப் பாப்பமோ?"

"பாத்துட்டேன் அண்ணா. சம்பந்தப்பட்ட ஆபீஸர் திங்கள்கிழமைதான் வருவாராம். அதுவும் பத்து மணிக்கு மேல, டெர்மின் வாங்கிட்டு வரணுமாம். அப்பாயின்ட்மென்ட் இல்லாம பாக்க மாட்டாராம்."

"இந்த நாட்டில டெர்மின் இல்லாம எமன்கூட உள்ள வர ஏலாது தங்கச்சி."

நிருபமா சிரிக்கவில்லை. பத்து மணிக்குப் போலீஸ், ஒன்பது மணிக்குக் கையெழுத்து. நடுவில் ஒரு மனிதனின் ஐந்து வருட ஆராய்ச்சி. அவள் சைக்கிள் பூட்டைத் திறந்தாள்.

நடந்தது இதுதான்.

இங்கிலாந்தின் வடகிழக்கில் நிலக்கரிச் சுரங்கத் தொழிலாளர்கள் ஆடிய பழைய வாளாட்டம் ஒன்று உண்டு. ஐந்து பேர். ஆளுக்கு ஒரு வாள். வாள் என்றதும் ராஜராஜன் காலத்து உருப்படியைக் கற்பனை செய்துகொள்ள வேண்டாம். இரண்டடி நீளத்துக்கு வளையும் எஃகுத் தகடு, இரண்டு முனையிலும் கைப்பிடி. வெண்ணெயைக்கூட வெட்டாது. ஒவ்வொருவரும் தன் வாளின் ஒரு பிடியையும் பக்கத்து ஆளின் வாளின் ஒரு பிடியையும் பற்றிக்கொள்ள வேண்டும். அப்புறம் ஆட்டம் முடியும்வரை கையை விடக்கூடாது. நுழைந்து, வளைந்து, பின்னி, கடைசியில் ஐந்து வாளையும் நட்சத்திரமாகக் கோத்து ஒருவர் தலைக்கு மேலே தூக்கிக் காட்டுவார். கூடவே அடிப்பாகம் கட்டியான காலணியால் தரையில் படபடவென்று தாளம். வாள் வீச்சுக்குத் தனி மதிப்பெண், காலடிச் சத்தத்துக்குத் தனி மதிப்பெண்.

அந்த ஆட்டத்துக்குத்தான் சனிக்கிழமை எர்லாங்கனில் போட்டி. நகரத்தின் ஐந்து பீர் கூடங்களில் நடுவர்கள் உட்கார்ந்திருக்க, அணிகள் ஒவ்வொரு கூடமாகப் போய் ஆட வேண்டும். இங்கிலாந்திலிருந்து வந்தவர்கள் பாதி, மற்ற நாட்டுக்காரர்கள் பாதி. உள்ளூர் அணியின் கேப்டன் ஒரு ஆங்கிலேயப் பேராசிரியர். அவருடைய ஐவரில் ஒருத்தி ப்ரீத்தி, கோயம்புத்தூர்ப் பெண், மருந்து ஆராய்ச்சி. அவள் கணவன் வருண் இன்ஜினியர், ஒலிபெருக்கி சம்பந்தமான வேலை. அணிக்கு அக்கார்டியன் வாசிப்பவனும் அவனே.

ஐந்தாவது கூடமான கரடிக் கூடத்தில் தரை ஓடு பாவியது. காலடி எடுபடாது. அதனால் உள்ளூர் அணி, முழங்கால் உயரத்துக்குச் சொந்தமாக ஒரு மரமேடை செய்து அங்கே கொண்டுபோய் வைத்திருந்தது. சாயங்காலம் அந்த மேடையில் ஆடும்போது ப்ரீத்தி ஒரு குட்டிக்கரணம் அடித்தாள். விழுந்த இடத்தில் பலகை பிளந்தது. முழங்கால்வரை உள்ளே போய்விட்டாள். முழங்காலும் கெண்டைக்காலும் நொறுங்கி, இப்போது காலுக்குள் பதினோரு ஸ்க்ரூ.

மேடையைப் புரட்டிப் பார்த்தால் அடியிலிருந்த மூன்று குறுக்குச் சட்டங்களில் நடுச்சட்டத்தைக் காணோம். யாரோ அறுத்தெடுத்திருக்கிறார்கள்.

யார் என்பதில் ஊருக்குச் சந்தேகமே இல்லை. இரண்டு வாரத்துக்கு முன்புவரை அந்த ஐவரில் ஒருவனாக இருந்தவன் விஷால். குட்டிக்கரணம் அடித்தே தீருவேன் என்று அவன் அடம்பிடிக்க, ஆபத்து வேண்டாம் என்று கேப்டன் அவனை நீக்கிவிட்டு ப்ரீத்தியைச் சேர்த்தார். அன்றிரவு விஷால் வாட்ஸப் குழுவில், 'அந்த மேடைல நீங்க எப்படி ஆடறீங்கன்னு நானும் பாக்கறேன்' என்று எழுதினான். கோபத்தில் எழுதியதுதான். மறுநாளே மன்னிப்புக் கேட்டு, போட்டிக்குத் தொண்டனாகவும் வந்து நின்றான். ஆனால் மன்னிப்பை யார் ஸ்கிரீன்ஷாட் எடுக்கிறார்கள்?

நிருபமாவை நியமித்தது வருண். நேற்று ஆறு மணிக்கு ஆபரேஷன் தியேட்டர் வாசலிலிருந்து போன் செய்தான். "யாரு அறுத்தாங்கன்னு கண்டுபிடிங்க மேடம். விஷால் இல்ல. சீக்கிரம் கண்டுபிடிங்க."

கரடிக் கூடத்தின் ஸ்டோர் ரூமில் மேடை சுவரோரமாகச் சாய்த்து வைக்கப்பட்டிருந்தது. கூடத்து நிர்வாகியான ஜெர்மன் அம்மாள் சாவியைக் கொடுத்துவிட்டு, தொடக்கூடாது என்று மூன்று முறை சொல்லிவிட்டுப் போனாள்.

நிருபமா டார்ச்சை அடித்துக் குந்தி உட்கார்ந்தாள். நடுச்சட்டம் இருந்த இடத்தில் இரண்டு பக்கமும் அரை விரல் நீளத்துக்குக் கட்டை மிச்சமிருந்தது. அறுத்த முகம் வழவழவென்றிருந்தது.

"அண்ணா, இங்க பாருங்க. பென்சில் கோடு."

சில்வெஸ்டர் கண்ணாடியை நெற்றியிலிருந்து இறக்கினார். இரண்டு அறுப்பின் ஓரத்திலும் மெல்லிய பென்சில் கோடு இருந்தது. மூலைமட்டம் வைத்து இழுத்த கோடு.

"மற்றப் பக்கமும் அதே அளவோ?"

"டேப் வெச்சுப் பாத்துட்டேன். ஒரு மில்லிமீட்டர் வித்தியாசம் இல்ல. அறுத்த பிறகு உப்புத்தாள் போட்டுத் தேய்ச்சிருக்காங்க." அவள் எழுந்து முழங்கால் தூசியைத் தட்டினாள். "ஒருத்தியைக் கீழ விழவைக்கணும்னு வர்றவன் எப்படி அறுப்பான்? பாதி அறுத்துட்டு ஓடுவான். யாராவது வந்துடுவாங்கன்னு பயம் இருக்கும். இவன் கோடு போட்டு, அளந்து, அறுத்து, தேய்ச்சு வெச்சிருக்கான். இது பகை இல்லண்ணா. இது வேலை."

"ஜெர்மன்காரன் எண்டால் பகையையும் அளந்துதான் செய்வான்."

"அறுத்த சட்டத்தை இங்கேயே ஷெல்ஃப் மேல வெச்சுட்டுப் போயிருக்கான். ஒளிக்கக்கூட இல்ல." அங்கேதான் இருந்தது, துடைத்து வைத்ததுபோல. "அப்ப விஷால் இல்லன்னு நான் சொல்லலாம். ஆனா யாருன்னு கேட்டா? வெறும் பென்சில் கோட்டைக் காட்டினா அந்த லேப் டைரக்டர் என்னைப் பாத்துச் சிரிப்பார்."

அதுதான் நிலைமை. குற்றவாளி இல்லையென்று ஒருவனை நிரூபிக்க, குற்றவாளி இவன்தான் என்று இன்னொருவனைக் கொண்டுவந்து நிறுத்தச் சொல்கிறது உலகம். அந்த இன்னொருவனுக்கு எங்கே போவது? நேற்றுச் சாயங்காலத்திலிருந்து பதினொரு பேரை விசாரித்தாயிற்று. சமையல்காரர், பீர் ஊற்றுபவர், நடுவர், துப்புரவாளர் என்று ஒருவர் பாக்கியில்லை. நோட்டுப் புத்தகம் நிறைய எழுதியிருந்தாள், உருப்படியாக ஒரு வரி இல்லை.

பின்முற்றத்தில் ஒரு மர பெஞ்சில் இருவரும் உட்கார்ந்தார்கள். இரண்டு மணிக்குப் பரிசளிப்பு. அதற்கு முன்னால் ஒரு ஆங்கிலேய அணி முற்றத்தில் சும்மா ஆடிப் பார்த்துக்கொண்டிருந்தது. ஐந்து நடுத்தர வயதுக்காரர்கள், ஒருவருக்குத் தொப்பைகூட இருந்தது, ஆனால் அந்தத் தொப்பை வாளுக்கடியில் நுழைந்து வெளியே வந்த வேகத்தைப் பார்த்தால் நம்ப முடியாது.

"பத்துக் கையும் கட்டுப்பட்டுக் கிடக்கு" என்றார் சில்வெஸ்டர். "மூக்குக் கடிச்சால் என்ன செய்யிறது?"

நிருபமா நோட்டைப் புரட்டிக்கொண்டிருந்தாள்.

"நாலு பேரும் சேந்து ஆடினா ஒருத்தன்ர மூக்கை மற்றவன் சொறியலாம். அஞ்சு பேர் எண்டால் கணக்கு உதைக்குது. எனக்கு ஒருக்கா டாக்சியில ஒரு மாப்பிள்ளை ஏறினவன், ரெண்டு கையிலயும் மருதாணி..."

"அண்ணா, ப்ளீஸ். ரம்பம் போடாதீங்க."

சில்வெஸ்டர் நிறுத்தினார். கோபமில்லை. இந்த மாதிரி அவள் மாதத்துக்கு இரண்டு தடவை சொல்வாள்.

"நானும் கேக்கவேணும் எண்டு நினைக்கிறனான். இந்தியப் படங்களிலயும் இதைச் சொல்லுவினம். அறுக்கிறான் எண்ட கருத்து எண்டு விளங்குது. ஆனா ரம்பம் எண்டா உண்மையில என்ன சாமான்?"

"ரம்பம் தெரியாதா? மரம் அறுக்கறது. பல்லு பல்லா இருக்குமே. இங்க காலையிலேர்ந்து நான் தேடற சாமான் அதுதான்" என்றாள் நோட்டிலிருந்து தலையைத் தூக்காமல். "ஊரே கூடியிருந்த இடத்துல ஒருத்தன் ரம்பத்தோட உள்ள வந்து ஒரு கட்டையை அறுத்துட்டுப் போயிருக்கான். பதினொரு பேர்ல ஒருத்தர்கூட ஒரு ரம்பத்தைப் பாக்கல."

"ஓ, அதுவோ. அதுக்கு நாங்கள் வாள் எண்டு சொல்லுவம்."

"வாளா?"

"ஓம். மரம் அரியிற வாள். மெஷின் எண்டால் சங்கிலி வாள். சண்டை பிடிக்கிற வாளை எங்கட ஊரில ஆர் கண்டது? படத்திலதான். வாள் எண்டால் தச்சன்ர கையில இருக்கிறதுதான் எங்களுக்கு முதல் ஞாபகம் வரும்."

நிருபமா நோட்டைப் புரட்டுவதை நிறுத்தினாள். பிறகு வேகமாகப் பின்பக்கம் புரட்டினாள். பிறகு இன்னும் வேகமாக. ஒன்பதாவது சாட்சி. பெயர் தேனுஜா, கிச்சன் உதவியாளர், வவுனியாவில் பிறந்து யாழ்ப்பாணத்தில் வளர்ந்தவர். நிருபமாவின் கையெழுத்தில் ஒரே வரி ஆங்கிலத்தில் எழுதியிருந்தது, அதற்குக் கீழே அலட்சியமாக ஒரு கோடு.

"என்ன எழுதியிருக்கு?" என்றார் சில்வெஸ்டர்.

"காலைல எட்டரைக்கு ஒருத்தர் ஸ்வோர்டோட பின்பக்கம் போனார். உபயோகமில்லை." அவள் அந்தக் கோட்டின்மேல் விரலை வைத்தாள். "உபயோகமில்லைன்னு நான்தான் எழுதியிருக்கேன். நேத்து இந்த ஊர்ல இருநூறு பேர் கைல ஸ்வோர்டு. அதுல ஒருத்தரைப் பாத்தேன்னு சொன்னா என்ன செய்ய, அப்படின்னு..."

"அவ ஸ்வோர்ட் எண்டே சொன்னவ?"

"வாள்னு சொன்னாங்க."

ஒன்றரை வருடத்தில் சில்வெஸ்டர் கேலிக்கு ஒரு சந்தர்ப்பத்தைச் சும்மா விட்டது அதுதான் முதல் தடவை. எழுந்து, கிச்சன் கதவைப் பார்த்து நடந்தார். முதுகு வலியெல்லாம் எங்கே போனதோ.

தேனுஜா பெரிய பானை ஒன்றுக்குள் தலையை விட்டுத் தேய்த்துக்கொண்டிருந்தாள். முப்பது வயதிருக்கும். சில்வெஸ்டரைப் பார்த்ததும் கையைத் துடைத்துக்கொண்டு வந்தாள்.

"தங்கச்சி, நேற்றுக் காலமை வாளோட ஒருத்தர் போனவர் எண்டு சொன்னனீங்களாம். எந்த வாள்?"

"எந்த வாள் எண்டால்? வாள்தான் அண்ணை. பலகை அரியிறது. மஞ்சள் பிடி போட்டது."

"அவங்க ஆடறாங்களே, அது?" என்றாள் நிருபமா.

தேனுஜா முற்றத்தைப் பார்த்தாள். அவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "அதை வாள் எண்டு ஆரக்கா சொன்னது? ரெண்டு பக்கமும் பிடி வைச்ச தகடு. கொத்துரொட்டி கொத்தலாம்."

"அந்த ஆள் யாரு? முகம் ஞாபகம் இருக்கா?"

"ஏன் இல்லாம? தமிழ்த் தம்பிதானே. எனக்கு வணக்கம் அக்கா எண்டு சொல்லிப்போட்டுத்தான் போனவர். வாளை ஒளிக்கேல்லை, மறைக்கேல்லை, கையில வீசிக்கொண்டு சந்தோசமாப் போனவர். பின்னேரமும் கண்டனான். பெட்டியைக் கழுத்தில தொங்கவிட்டுக்கொண்டு வாசிச்சவரெல்லோ, அவர்தான்."

கிச்சனில் குழாய்த் தண்ணீர் ஓடிக்கொண்டேயிருந்தது.

"நேத்தே ஏன் இதைச் சொல்லல?" நிருபமாவுக்குக் கேட்ட பிறகுதான் தெரிந்தது, இதைக் கேட்கும் யோக்கியதை தனக்கில்லையென்று.

"நான் சொன்னனான் அக்கா. நீங்கள்தான் ஆரெண்டு கேக்கேல்லை. சரி தாங்ஸ் எண்டிட்டு எழும்பிப் போட்டியள்."

தேனுஜா குற்றம் சாட்டும் குரலில் சொல்லவில்லை. நடந்ததைச் சொன்னாள். நிருபமாவுக்கு முகம் சுட்டது. தன் பாஷையில் பேசிய ஒரே சாட்சி. ஜெர்மன்காரர்கள் சொன்னதையெல்லாம் டிக்‌ஷனரி வைத்துச் சரிபார்த்தவள், தமிழில் சொன்னதை மட்டும் பாதி காதில் கேட்டுவிட்டு எழுந்து வந்திருக்கிறாள். அதற்குள் ஒரு பையன் இருபது மணி நேரமாக நாலு விரல் இடுக்கில் கண்ணை வைத்துக்கொண்டு நிற்கிறான்.

சைக்கிளில் மருத்துவமனைக்குப் போகும் வழியில் சில்வெஸ்டர் ஒரே ஒரு கேள்விதான் கேட்டார். "பெண்சாதியின்ர காலை உடைக்கவேணும் எண்டு ஒருத்தன் நினைச்சால், பிறகேன் காசு குடுத்து எங்களைப் பிடிக்கிறான்?"

"தெரியல" என்றாள் நிருபமா. அவளுக்குத் தெரியத் தொடங்கியிருந்தது. அது பிடிக்கவில்லை.

மருத்துவமனையின் மூன்றாவது மாடி. காப்பி மெஷினுக்குப் பக்கத்தில், குடிக்காத காப்பியைக் கையில் வைத்துக்கொண்டு வருண் நின்றிருந்தான். நேற்றைய அதே சட்டை. இவர்களைப் பார்த்ததும் அவன் பயப்படுவான் என்று நிருபமா எதிர்பார்த்தாள். அவன் தோள் தளர்ந்தது. பஸ்ஸுக்காக ரொம்ப நேரம் நின்றவன், பஸ் வந்ததும் மூச்சு விடுவானே, அப்படி மூச்சு விட்டான்.

"எப்ப தெரிஞ்சது மேடம்?"

"அரை மணி நேரம் முன்னாடி."

"நேத்து ராத்திரியே வந்துடுவீங்கன்னு நினைச்சேன்."

அவள் வாழ்க்கையில் எத்தனையோ பேர் திட்டியிருக்கிறார்கள். கண்டுபிடிக்கத் தாமதமாகிவிட்டது என்று குற்றவாளியே குறைப்பட்டுக்கொண்டது இதுதான் முதல் முறை.

"ஏன் அறுத்தீங்க வருண்?"

"சத்தத்துக்கு." காப்பியைப் பார்த்தபடியே சொன்னான். "நடுச்சட்டம் பலகையோட ஒட்டி நின்னா அடி உள்ளயே அமுங்கிடும். டொக் டொக்னு கேக்கும். அதை எடுத்துட்டா பலகை முழுசா அதிரும். மிருதங்கம் மாதிரி. ப்ரீத்திக்குக் காலடிதான் பலம். கரடிக் கூடத்துல ஐநூறு பேர் கத்திட்டிருப்பாங்க, இவ சத்தம் பின்வரிசை நடுவருக்குப் போய்ச் சேராது. அவளுக்கு ஒரு சர்ப்ரைஸா இருக்கட்டும்னு சொல்லல. கணக்குப் போட்டுத்தான் செஞ்சேன். அஞ்சு பேர் ஸ்டெப் போடற எடைக்கு ரெண்டு சட்டம் தாராளம். சத்தியமாத் தாராளம்."

"குட்டிக்கரணம்?"

"அது கிடையாதுன்னு கேப்டனே சொல்லியாச்சே. அதுக்காகத்தானே விஷாலை நீக்கினாங்க?" இப்போதுதான் நிமிர்ந்தான். கண் சிவந்திருந்தது. "நாலு கூடம் முடிஞ்சப்ப ரெண்டாவது இடத்துல இருந்தோமாம். நான் அக்கார்டியன் ஸ்ட்ராப் சரிபண்ணப் போயிருந்தேன். அந்த நேரத்துல அஞ்சு பேரும் கூடிப் பேசி, ஒரு கரணம் போட்டா ஜெயிச்சுடலாம்னு முடிவு பண்ணியிருக்காங்க. ப்ரீத்தி நான் போடறேன்னு சொல்லியிருக்கா. என்கிட்ட சொன்னா விடமாட்டேன்னு மறைச்சுட்டா. அவளும் சர்ப்ரைஸ்."

சில்வெஸ்டர் அவன் கையிலிருந்த காப்பியை வாங்கி ஜன்னலோரம் வைத்தார். அது சிந்திக்கொண்டிருந்தது.

"வாசிச்சிட்டிருக்கேன். பக்கத்து ரெண்டு பேரும் வாளை இறுக்கிப் பிடிக்கறாங்க. அப்பவே புரிஞ்சுடுச்சு. அவ காலை ஊனி எகிறப் போறா. நான் வாசிப்பை நிறுத்தினா தாளம் போயிடும், அவ கழுத்து அடிபட விழுவா. நிறுத்தலன்னா பலகைல விழுவா. என் ரெண்டு கையும் பெட்டிக்குள்ள. கத்தினா யாருக்கும் கேக்காது. என்ன பண்றது சொல்லுங்க? நான் வாசிச்சேன் மேடம். அவ மேல போய்க் கீழ வர்ற வரைக்கும் ஒரு சுரம் தப்பாம வாசிச்சேன்."

அந்த அரை நொடியில் அவன் இடத்தில் யார் நின்றிருந்தாலும் பதில் இருந்திருக்காது.

"விஷாலுக்குத் தெரியுமோ தம்பி?" என்றார் சில்வெஸ்டர்.

"சாவியை வாங்கி என் கைல குடுத்ததே அவன்தான். நேத்துப் போலீஸ் அவனைக் கேட்டப்ப வாயைத் திறக்கல. அப்புறம் எனக்கு போன் பண்ணான். இதை ப்ரீத்திகிட்ட நீதான் சொல்லணும், வேற யார் சொன்னாலும் அவ தாங்கமாட்டா, நீ சொல்ற வரைக்கும் நான் சொல்லமாட்டேன்னான்." வருண் உதட்டைக் கடித்துக்கொண்டான். "மூணு தடவை உள்ள போனேன். மூணு தடவையும் தலகாணியைச் சரிபண்ணிட்டு வெளிய வந்துட்டேன். என்னால முடியாதுன்னு நேத்துத் தியேட்டர் வாசல்லயே தெரியும், யாராவது கண்டுபிடிச்சுத் தொலைக்கட்டும்னுதான் உங்களைக் கூப்பிட்டேன்."

சட்டைப் பையிலிருந்து ஒரு தாளை எடுத்து நீட்டினான். ஜெர்மனில் தட்டச்சு செய்து, தேதி போட்டு, கையெழுத்திட்டிருந்தது. எந்தச் சட்டம், எத்தனை மணி, என்ன அளவு எல்லாம் இருந்தது. நேற்று இரவே எழுதி வைத்திருக்கிறான். கொடுக்கத்தான் ஆளில்லை.

நிருபமா தாளை மடித்தாள். விஷால் தப்பித்தான். நாளைக் காலை எட்டரைக்கு அந்த ஆய்வகத்தின் வாசலில் போய் உட்கார்ந்துவிட்டால் போதும், இந்தத் தாள் மற்றதைப் பார்த்துக்கொள்ளும். வழக்கு முடிந்தது. வழக்கமாக இந்த இடத்தில் அவளுக்கு ஒரு திருப்தி வரும், நெஞ்சு கொஞ்சம் நிமிரும். இன்று அவள் பார்வை ப்ரீத்தியின் அறைக் கதவில் நின்றது.

"இது நாளைக்கு வெளிய வந்துடும் வருண். வாட்ஸப்ல யாராவது எழுதுவாங்க. அதுக்கு முன்னாடி அவங்க உங்க வாயால கேக்கணும்."

"நீங்க சொல்லிடுங்களேன் மேடம். ப்ளீஸ்."

"நான் சொல்லக் கூடாது."

அவன் தலையாட்டினான். அறைக் கதவைத் திறந்தான். திறந்ததும் உள்ளேயிருந்து ப்ரீத்தியின் குரல் உற்சாகமாக வந்தது, காய்ச்சலும் வலிமருந்தும் கலந்த உற்சாகம். நிருபமா கதவோரத்திலேயே நின்றாள்.

"வருண், மெசேஜ் பாத்தியா? ப்ரைஸ் குடுத்துட்டாங்க. மொத்தத்துல நாம அஞ்சாவதுதான், ஆட்டம் பாதில நின்னுடுச்சில்ல. ஆனா காலடிக்குத் தனியா ஒரு கப் இருக்கே, அது எனக்கு. எனக்கு மட்டும். பின்வரிசை நடுவர் எழுதியிருக்காராம், முப்பது வருஷத்துல இப்படி ஒரு தெளிவான அடி கேட்டதில்லைன்னு. டாக்டர் என்ன வேணா சொல்லட்டும், இனிமே ஆட முடியாதுன்னா முடியாது போகட்டும். முப்பது வருஷத்துல கேட்டதில்லையாம். அது போதும் எனக்கு."

வருண் கட்டிலுக்குப் பக்கத்தில் போய் நின்றான். இந்தத் தடவை தலையணையைத் தொடவில்லை. குனிந்து, தணிந்த குரலில் பேச ஆரம்பித்தான். வார்த்தைகள் வாசல்வரை வரவில்லை. ஆனால் ப்ரீத்தியின் முகம் தெரிந்தது. முதலில் புரியாமல் சிரித்தாள். பிறகு சிரிப்பு அப்படியே நின்றது. பிறகு கம்பிகள் செருகிய தன் காலைப் பார்த்தாள், யாருடையதோ கால் போல.

அவள் கத்துவாள் என்று நிருபமா நினைத்தாள். கத்தியிருக்கலாம். எல்லோருக்கும் கொஞ்சம் சுலபமாக இருந்திருக்கும்.

"விஷாலுக்கு ஒண்ணும் ஆகாதுல்ல?" என்று கேட்டாள்.

"ஆகாது. எழுதிக் குடுத்துட்டேன்."

தாழ்வாரத்தில் சில்வெஸ்டர் சுவரைப் பார்த்துத் திரும்பி நின்றுகொண்டார்.

"அப்ப அந்தச் சத்தம்" என்றாள் ப்ரீத்தி மெதுவாக. "அது என் கால் இல்லையா, வருண்?"

"உன் கால்தான். சத்தியமா உன் கால்தான் ப்ரீத்தி."

"பொய் சொல்லாத. இன்னிக்கு மட்டும் சொல்லாத." போனைத் தலையணைக்குக் கீழே தள்ளினாள். "அந்தக் கப்பைத் திருப்பிக் குடுத்துடு. அது எனக்குக் குடுத்தது இல்ல, உன் பலகைக்குக் குடுத்தது."

நிருபமா கதவைச் சத்தமில்லாமல் இழுத்துச் சாத்தினாள். அதற்கு மேல் அவளால் அங்கே செய்யக்கூடியது எதுவும் இல்லை.